14 மாத அசதி, "நாள்பட்ட லைம்" என்கிறார்கள்: 6 மாத நரம்பு ஊசிக்குச் சம்மதிக்கலாமா?

ராரிட்டன்_நிலா:

வணக்கம். என் கணவருக்கு வயது 44. நியூஜெர்சியில் இருக்கிறோம். போன வருடம் ஆகஸ்டிலிருந்து காலையில் எழும்போதே அசதி, முழங்காலிலும் மணிக்கட்டிலும் வலி (வீக்கம் இல்லை), இரண்டு பாதத்திலும் மதமதப்பு, பேச்சின் நடுவே வார்த்தை தட்டுப்படாமல் நின்றுவிடுவது. அதற்கு முந்தைய ஜூனில் டெலவேர் வாட்டர் கேப் பக்கம் மலையேறப் போயிருந்தார். லைம் என்பது உண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியா நோய் என்கிறார்கள், ஆனால் உண்ணி கடித்ததையோ தோலில் தடிப்பையோ யாரும் பார்க்கவில்லை.

தொல்லை தொடங்கி 9ஆம் மாதம், இந்த மே மாதத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை: எலைசா (லைம் எதிர்ப்பொருளைத் தேடும் முதல் பரிசோதனை) பாசிட்டிவ். அதை உறுதிசெய்யும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஐஜிஎம், ஐஜிஜி என்ற இரண்டு வகை எதிர்ப்பொருள் பார்த்தார்கள். ஐஜிஎம்: 23, 41 பட்டைகள், பாசிட்டிவ். ஐஜிஜி: 41, 58 பட்டைகள், நெகட்டிவ். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மி.கி. காலை மாலை, 21 நாள் சாப்பிட்டார். இரண்டாம் வாரம் மூட்டு வலி கொஞ்சம் இறங்கியது. மாத்திரை முடிந்ததும் திரும்பிவிட்டது.

இப்போது இன்சூரன்ஸில் சேராத ஒரு கிளினிக்கில் இது நாள்பட்ட லைம் என்று சொல்லி, சிறுநீர் ஆன்டிஜென் பரிசோதனை, சிடி57 (ஒரு வகை வெள்ளையணு) எண்ணிக்கை, பிறகு கையில் பிக் லைன் என்ற ஊசிக் குழாய் போட்டு 6 மாதம் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கை ரத்த நாளத்தில் நரம்பு ஊசியாக ஏற்றுவது என்று திட்டம் கொடுத்திருக்கிறார்கள். குடும்ப டாக்டரோ எல்லாம் நார்மல் என்கிறார். பி12 அளவு 228. சர்க்கரைக்கு 7 வருடமாக மெட்ஃபார்மின், தினம் 2000 மி.கி. சுத்த சைவம்.

இது லைம்தானா என்று உறுதியாக எப்படித் தெரிந்துகொள்வது? ஊசிக்குச் சம்மதிக்கலாமா?

---

வெண்குருதி:

பட்டை எண்களோடு போட்டது மிக நல்லது. பாதி விடை அதிலேயே கிடக்கிறது. பலர் "பாசிட்டிவ்" என்ற ஒரு சொல்லை மட்டும் கொண்டுவருவார்கள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

வெஸ்டர்ன் பிளாட் என்பது விரல் அகலம்கூட இல்லாத ஒரு வெள்ளைத் துண்டு. லைமை உண்டாக்கும் பொரேலியா கிருமியின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து அதில் ஏற்றியிருப்பார்கள். கனமானவை மேலே, லேசானவை கீழே. நோயாளியின் சீரம் பட்டதும், எந்தப் புரதத்துக்கு எதிராக எதிர்ப்பொருள் இருக்கிறதோ அந்த இடத்தில் கோடு விழும். பட்டை எண் அந்தப் புரதத்தின் எடை, கிலோடால்டனில். 41 என்பது கிருமி நெளிந்து நகர உதவும் இழையின் புரதம். வாயிலும் குடலிலும் வாழும் எத்தனையோ சாதுவான பாக்டீரியாக்களுக்கும் இதே சாயலில் இழை உண்டு. அதனால் லைம் பக்கமே போகாத ஆரோக்கியமானவர்களிலும் 41 அடிக்கடி தெரியும். உங்கள் இரண்டு துண்டிலும் 41 இருப்பது எதையும் நிரூபிக்காது.

1995 முதல் அமெரிக்காவில் நடப்பில் உள்ள கணக்கு: ஐஜிஎம்மில் 23, 39, 41 ஆகிய மூன்றில் இரண்டு, ஐஜிஜியில் பத்துப் பட்டைகளில் ஐந்து. இதோடு சேர்ந்த ஒரு நிபந்தனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நோய் தொடங்கிய முதல் 30 நாளுக்குள் மட்டுமே ஐஜிஎம்மைக் கணக்கில் எடுக்க வேண்டும். காரணம் எளிது. உடம்பு முதலில் ஐஜிஎம் தயாரிக்கும், சில வாரத்தில் ஐஜிஜிக்கு மாறிவிடும். உண்மையான தொற்று 9 மாதம் உள்ளே இருந்திருந்தால் ஐஜிஜி துண்டு கோடு கோடாக நிரம்பியிருக்கும். லைம் முழங்காலுக்கு இறங்கியவர்களின் ஐஜிஜி துண்டைப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமிருக்காது. உங்கள் கணவருக்கு 9ஆம் மாதத்தில் பத்துக்கு இரண்டு. இந்த அமைப்புக்கு முதல் விளக்கம் பொய் பாசிட்டிவ். ஐஜிஎம் துண்டில் மங்கலான கோட்டைக் கண்ணால் பார்த்து "இருக்கிறது" என்று எழுதுவதும் நடக்கும். எப்ஸ்டீன்-பார் வைரஸ், லூபஸ், முடக்குவாதம், சிஃபிலிஸ் போன்றவையும் இந்தப் பரிசோதனைகளை ஏமாற்றும்.

"ஆன்டிபயாடிக் சாப்பிட்டதால் எதிர்ப்பொருள் உருவாகவில்லை" என்று அந்த கிளினிக்கில் சொல்லக்கூடும். தொற்றின் முதல் சில வாரத்திலேயே மருந்து எடுத்தவர்களுக்கு அது நடக்கலாம். இவருக்கு ரத்தம் எடுத்ததே மருந்துக்கு முன்பு. அந்த வாதம் இங்கே ஒட்டாது.

இப்போது ஒரே ஒரு முறை திரும்பச் செய்யுங்கள், வழக்கமான பெரிய லேபில். 2019இல் எஃப்டிஏ (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) அனுமதித்த திருத்திய இரண்டு கட்ட முறை கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் பிளாட்டுக்குப் பதிலாக இரண்டாவதாகவும் ஓர் எலைசா, கோட்டை எண்ணும் குழப்பம் இல்லை. 14 மாதத்திலும் ஐஜிஜி நெகட்டிவ் என்றால், இந்தத் தொல்லைகளுக்குக் காரணம் லைம் என்ற பேச்சை முடித்துக்கொள்ளலாம். பாசிட்டிவ் என்றாலும் "எப்போதோ தொற்று இருந்தது" என்பதுதான் பொருள். அந்த எதிர்ப்பொருள் சிகிச்சைக்குப் பிறகும் பல வருடம் ரத்தத்தில் நிற்கும். அதனால் குணமானதா என்று பார்க்க இந்தப் பரிசோதனை உதவாது. 3 மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது வீண் செலவு, வீண் பயம்.

---

நிழல்மரம்:

வெண்குருதி சொன்னதற்கு மேல், "நாள்பட்ட லைம்" என்ற பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த ஒரே பெயருக்குள் மூன்று வேறு நிலைமைகளைப் போட்டுக் கட்டிவிடுகிறார்கள்.

ஒன்று, சிகிச்சையே பெறாமல் முற்றிய லைம். இது கண்ணுக்குத் தெரியும், கைக்குப் படும்: ஒரு முழங்கால் பந்து மாதிரி வீங்கும், அல்லது நரம்புப் பரிசோதனையில் குறை தெரியும். ஐஜிஜி வலுவாக இருக்கும். மூட்டு லைமுக்கு 28 நாள் மாத்திரை. வீக்கம் அசையவே இல்லையென்றால் செஃப்ட்ரையாக்சோன் தினம் 2 கிராம், 2 முதல் 4 வாரம். 2020இல் அமெரிக்கத் தொற்றுநோய், நரம்பியல், மூட்டு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியிலேயே இதற்கு மேல் நரம்பு ஊசி இல்லை. 6 மாதம் எங்குமே இல்லை.

இரண்டாவது, லைம் உறுதியாகி, சிகிச்சையும் முடிந்து, அதன் பிறகும் 6 மாதத்துக்கு மேல் அசதி, உடல்வலி, மூளைமந்தம் தொடர்வது. சிகிச்சைக்குப் பிந்தைய லைம் நோய்க்குறி என்பார்கள். இது உண்மையான தொல்லை. ஏன் வருகிறது என்பது இன்னும் விடை கிடைக்காத கேள்வி. ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும் கொலம்பியாவிலும் இதற்கென்றே ஆய்வு மையங்கள் இருக்கின்றன. ஆனால் கூடுதல் ஆன்டிபயாடிக் இதைத் தீர்க்கிறதா என்று நேராகவே சோதித்துவிட்டார்கள். 2001இல் அமெரிக்காவில் 30 நாள் நரம்பு ஊசியும் 60 நாள் மாத்திரையும் ஒரு பக்கம், வெற்று மருந்து மறுபக்கம்: இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறின. 2016இல் நெதர்லாந்தில் 2 வார ஊசிக்கு மேல் 12 வார மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் இல்லை. 2003இல் ஓர் ஆய்வில் மட்டும் ஊசி பெற்றவர்களின் அசதி ஓரளவு குறைந்தது. சிந்தனைத் தெளிவில் மாற்றமில்லை, ஊசிக் குழாய் வழியாகத் தொற்று வந்தவர்கள் இருந்தார்கள். அதனால் அதை எழுதியவர்களே இதைப் பரிந்துரைக்கவில்லை.

மூன்றாவது, லைம் வந்ததற்கு ஆதாரமே இல்லாமல் அந்தப் பெயர் ஒட்டப்பட்டவர்கள். உங்கள் கணவரின் காகிதங்கள் இப்போதைக்கு இந்த மூன்றாவதில்தான் நிற்கின்றன. அவருடைய நோய் பொய் என்று இதற்குப் பொருள் கிடையாது. நோய் இருக்கிறது, பெயர் தவறாக இருக்கலாம். தவறான பெயர் ஒட்டிவிட்டால் சரியான காரணத்தைத் தேடுவது அங்கேயே நின்றுபோகும். எனக்குப் பெரிய கவலை அதுதான்.

பிக் லைன் என்றால் மேற்கையில் நுழைத்து இதயத்துக்கு அருகில் பெரிய நாளம் வரை போகும் மெல்லிய குழாய். தோலுக்கும் ரத்தத்துக்கும் நடுவே 6 மாதம் திறந்த கதவு அது, அதுவும் சர்க்கரை உள்ளவருக்கு. இப்படி நாள்பட்ட லைம் என்று சிகிச்சை பெற்றவர்களுக்கு வந்த ரத்தத் தொற்று, முதுகெலும்புத் தொற்று, மரணம் ஆகியவற்றை சிடிசி (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) 2017இல் பதிவு செய்தது. செஃப்ட்ரையாக்சோன் பித்தப்பையில் படிந்து கசடாகும்; 1990-களின் தொடக்கத்தில் நியூஜெர்சியிலேயே லைம் சந்தேகத்துக்காக இதைப் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குப் பித்தப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. நீண்ட நாள் ஆன்டிபயாடிக்கில் சி.டிஃப் என்னும் கடும் வயிற்றுப்போக்கும் வரும்.

சிறுநீர் ஆன்டிஜென், சிடி57 இரண்டுக்கும் கைக்காசு செலவழிக்க வேண்டாம். லைம் உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்துக்காட்டும் திறன் இவற்றுக்கு நிரூபிக்கப்படவில்லை.

ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. தடிப்பு "பார்க்கவில்லை" என்பதும் "வரவில்லை" என்பதும் வேறு. லைம் தடிப்பு கடித்த 3 முதல் 30 நாளில் வரும், 5 செ.மீ.க்கு மேல் பரவும், பெரும்பாலும் அரிக்காது, வலிக்காது. புத்தகப் படத்தில் இருக்கும் வளையம் வளையமான தடிப்பு பலருக்கு வருவதே இல்லை. நம் நிறத் தோலில் சிவப்பாகவும் தெரியாது. கன்றிப்போன காயம் மாதிரி மங்கிய திட்டாக இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு, முதுகு என்று ஒளிந்துகொள்ளும். அதனால் தடிப்பு நினைவில் இல்லை என்பதை வைத்து நான் லைமை ஒதுக்கவில்லை. ஐஜிஜியை வைத்துத்தான் சொல்கிறேன்.

---

கோவை_மருந்தாளர்:

நிலா மேடம், எனக்கு உங்க போஸ்ட்ல கண்ணு போய் நின்னது கடைசி வரியிலதான். 7 வருஷம் மெட்ஃபார்மின் 2000, சுத்த சைவம், பி12 228, பாதம் மதமதப்பு, வார்த்தை மறப்பு, அசதி. இதை "நார்மல்"னு சொல்லி அனுப்பினது சரியில்லை.

லேப் ரிப்போர்ட்ல 200-க்கு மேல இருந்தா கம்ப்யூட்டர் கொடி காட்டாது, அவ்வளவுதான். 200லேர்ந்து 300 வரைக்கும் சந்தேக எல்லை. அங்கே இருக்கிற ஆளுக்கு எம்எம்ஏ, அதாவது மீத்தைல்மலோனிக் ஆசிட் பாக்கணும். பி12 திசுக்குள்ள பத்தலைன்னா இது ரத்தத்துல ஏறும். மெட்ஃபார்மின் குடல்ல பி12 உறிஞ்சுறதைக் குறைக்கும், டோஸும் வருஷமும் கூடக் கூட அதிகமா. சைவத்துல பால் தயிர்லேர்ந்து வர்றது மட்டும்தான் வரவே. ஹீமோகுளோபின் சரியா இருக்கேன்னு விட்டுடாதீங்க. ரத்தசோகை இல்லாமலே நரம்பு மட்டும் அடிபடலாம்.

வரிசை முக்கியம். முதல்ல எம்எம்ஏக்கு ரத்தம் கொடுங்க, அப்புறம் பி12 ஆரம்பிங்க. முன்னாடியே மாத்திரை போட்டுட்டா எம்எம்ஏ இறங்கிடும், விடை கிடைக்காது. கிட்னி வேலை குறைஞ்சாலும் எம்எம்ஏ ஏறும், அதனால கிரியேட்டினினும் கூடவே பாக்கணும். குறைன்னு உறுதியானா, நரம்புத் தொல்லை இருக்கிறதால ஊசியில ஆரம்பிக்கிறது வழக்கம், 1000 மைக்ரோகிராம். எத்தனை ஊசி, எப்போ மாத்திரைக்கு மாறுறதுன்னு டாக்டர் சொல்லட்டும். மெட்ஃபார்மினைத் தானா நிறுத்திடாதீங்க. மதமதப்பு சர்க்கரையாலயும் இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சர்க்கரை), பாதத்துல இழை வெச்சுத் தொட்டுப் பாக்கிற டெஸ்ட், தேவைப்பட்டா நரம்புக் கடத்தல் டெஸ்ட்.

டிஎஸ்எச் (தைராய்டு), ஃபெரிட்டின் (இரும்பு இருப்பு), விட்டமின் டி, சிகே (தசைச் சேதம்), சிஆர்பி (அழற்சி) இதெல்லாம் அதே ரத்தத்துல எடுத்துடலாம். முடிக்கும் நகத்துக்கும்னு பயோட்டின் மாத்திரை ஏதாவது சாப்பிட்டார்னா ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்தணும். அது தைராய்டு டெஸ்டைத் தப்பாக் காட்டும், சில லேப்ல பி12-ஐயும்.

டாக்சிசைக்ளின்ல வலி இறங்கினதே, அதுக்கும் ஒரு வார்த்தை. அந்த மருந்துக்குக் கிருமியைத் தடுக்கிறதோட வீக்கத்தையும் அழற்சியையும் தணிக்கிற குணமும் உண்டு. அதனால "மருந்துல குறைஞ்சது, அப்போ லைம்தான்"ங்கிற கணக்கு நிக்காது.

---

ராரிட்டன்_நிலா:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பி12 பக்கம் யாருமே கை காட்டவில்லை. இன்னும் இரண்டு சந்தேகம். குடும்ப டாக்டர் 15 நிமிடம்தான் தருகிறார், "ஸ்ட்ரெஸ்" என்று முடித்துவிடுகிறார், எப்படிப் பேசுவது? சென்னையில் இருக்கும் மாமா, இங்கே வந்து எல்லா டெஸ்டும் எடுத்துவிடலாம் என்கிறார். போகலாமா?

---

நிழல்மரம்:

சென்னை முதலில். லைமுக்காகப் போக வேண்டாம். இந்தியாவில் லைம் மிக அரிது. தொற்று அரிதான ஊரில் எடுக்கும் பாசிட்டிவ்களில் பெரும்பங்கு பொய்யாகத்தான் இருக்கும், அங்குள்ள மருத்துவர்கள் தினமும் பார்க்கும் நோயும் இது இல்லை. தமிழ்நாட்டில் பூச்சி கடித்து வரும் காய்ச்சல் என்றால் டாக்டர்கள் முதலில் தேடுவது ஸ்க்ரப் டைஃபஸ். கருகிய பொருக்கு, கடும் காய்ச்சல் என்று சில வாரத்தில் தெரிந்துவிடும், 14 மாதம் இப்படி இழுக்காது. உங்களுக்குத் தேவையான எல்லாம் வீட்டுப் பக்கத்து லேபிலேயே இன்சூரன்ஸில் கிடைக்கும்.

15 நிமிடத்துக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். முதல் வரியில் தொல்லை தொடங்கிய மாதம். அடுத்து, முன்பு செய்து இப்போது செய்ய முடியாத மூன்று காரியம், அளவோடு: "முன்பு 5 மைல் நடப்பார், இப்போது அரை மைலில் உட்கார்ந்துவிடுகிறார்" என்கிற மாதிரி. "ரொம்ப டயர்டா இருக்கு" என்பது டாக்டர் காதில் நாள் முழுக்க விழும் வாக்கியம். அரை மைல் அப்படி இல்லை. அதன் கீழே கேட்கும் பரிசோதனைகள்: லைம் இரண்டு கட்டம், எம்எம்ஏ, கிரியேட்டினின், டிஎஸ்எச், ஃபெரிட்டின், எச்பிஏ1சி, சிஆர்பி, சிகே, எச்ஐவி, ஹெபடைடிஸ் சி, சிஃபிலிஸ். மறுத்தால், "கேட்டேன், இந்தக் காரணத்தால் மறுத்தீர்கள் என்று குறிப்பில் எழுதிவிடுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். லூபஸ் போன்ற நோய்களுக்குப் பார்க்கும் ஏஎன்ஏ பரிசோதனையை மட்டும் சும்மா சேர்க்க வேண்டாம். மூட்டு வீக்கமோ முகத் தடிப்போ இல்லாதவருக்குக் குறைந்த அளவில் பாசிட்டிவ் வந்து, லைம் மாதிரியே இன்னொரு தவறான பெயர் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடிய ஒன்று உண்டு. 10 நிமிடம் படுக்கவைத்து நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் குறியுங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, தோளைச் சுவரில் சாய்த்து, குதிகாலைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி, பேசாமல் 10 நிமிடம். ஒவ்வொரு நிமிடமும் குறியுங்கள். நாடி படுத்திருந்தபோது இருந்ததைவிட 30-க்கு மேல் ஏறி அங்கேயே நின்றாலோ, மேல் அழுத்தம் 20 இறங்கினாலோ அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், தலை சுற்றினால் உடனே உட்காரவையுங்கள்.

தூக்கத்தையும் கேட்க வேண்டும். குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறுவது, காலைத் தலைவலி இருந்தால் வீட்டிலேயே செய்யும் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். ஒல்லியானவர்களுக்கும் தூக்க மூச்சடைப்பு வரும். இன்னொன்று, கொஞ்சம் உழைத்துவிட்டால் மறுநாள் படுத்தபடுக்கையாகிவிடுகிறாரா? அப்படியென்றால் அதைத் தனியாக, முதல் வரியாக எழுதுங்கள். மற்ற காரணங்கள் எல்லாம் விலகிய பிறகு எம்இ/சிஎஃப்எஸ் (நாள்பட்ட களைப்பு நோய்க்குறி) என்ற திசையில் பார்க்க அதுதான் முக்கியமான அடையாளம், அவர்களுக்கு "ஜிம்முக்குப் போ" என்ற அறிவுரை கெடுதலாக முடியும்.

இரண்டாம் கருத்து வேண்டுமென்றால் இன்சூரன்ஸுக்குள் இருக்கும் தொற்றுநோய் மருத்துவரிடம் போங்கள். பட்டை எண்கள் உள்ள முழு ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். போர்ட்டலில் சுருக்கம் மட்டும் இருந்தால் லேபில் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

---

வெண்குருதி:

ஒரு சேர்க்கை. அந்த கிளினிக்கில் "பபேசியா என்ற தொற்றும் இருக்கலாம்" என்று சொல்லி இன்னொரு கட்டு பரிசோதனை விற்கக்கூடும். அதே உண்ணிதான் பபேசியாவையும் அனாபிளாஸ்மா என்ற பாக்டீரியாவையும் பரப்புகிறது, அது உண்மை. ஆனால் அனாபிளாஸ்மா திடீர்க் காய்ச்சலாக வரும், டாக்சிசைக்ளினிலேயே அடங்கும். பபேசியா டாக்சிசைக்ளினுக்கு மசியாது, ஆனால் அது சிவப்பணுவை உடைக்கும் ஒட்டுண்ணி. காய்ச்சல், வியர்வை, ரத்தசோகை, தட்டணுக் குறைவு இருந்தால் ரத்தப் பூச்சும் (நுண்ணோக்கியில் பார்ப்பது) பிசிஆரும் (கிருமியின் மரபணுவைத் தேடுவது) எடுக்கலாம். முழு ரத்த எண்ணிக்கை சரியாக இருந்து காய்ச்சலும் இல்லாதவருக்கு எதிர்ப்பொருள் மட்டும் பார்த்து மருந்து தொடங்குவது தவறு.

நீங்கள் தொடர்ந்து அதே ஊரில்தான் இருக்கப்போகிறீர்கள், அதனால் இதுவும். மே முதல் ஜூலை வரை அலையும் இளம் உண்ணி கசகசா அளவுதான். கண்டால் நுனி கூரான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். 36 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்தது போல உப்பியிருந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்சிசைக்ளின் 200 மி.கி. ஒரே வேளை போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உண்ணியை ஒரு ஜிப் உறையில் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

---

கோவை_மருந்தாளர்:

கடைசியா ஒண்ணு, இதை ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சுக்கோங்க. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, மயங்கி விழுந்தாலோ காத்திருக்காம எமர்ஜென்சி. முழங்கால் உண்மையிலேயே வீங்குச்சுன்னா, எந்த ஆன்டிபயாடிக்கும் போடுறதுக்கு முன்னாடி ஊசியில நீர் எடுத்து, அணு எண்ணிக்கை, கிருமி வளர்ப்பு, படிகம், லைம் பிசிஆர் நாலும் பாக்கச் சொல்லுங்க. ரத்தத்துல பிசிஆர் அவ்வளவு உதவாது. மூட்டு நீர்லதான் அது பிரயோஜனம். மாத்திரை முதல்ல விழுந்துட்டா அந்த வாய்ப்பு போயிடும்.